பிரதி வேறு, காப்பு வேறு

எங்கள் வினாயகபுரத்தில், பொத்துவில் வீதிக்கும் கடற்கரைக்கும் நடுவில் உள்ள ஒரு வீட்டின் முன்னறையில் மூன்று பழைய கணனிகள் இருக்கின்றன. ஊர் இளைஞர் சிலர் அங்கே கூடி, வீடு வீடாகக் கேட்டு வாங்கிய பழைய தாள்களை வருடிச் சேர்த்து வருகிறார்கள். கோயில் திருவிழா அறிவித்தல்கள், பாடசாலை மலர்கள், கலியாணப் படங்கள், காணி உறுதிகளின் பிரதிகள், கையெழுத்தில் எழுதிய கூத்துக் கொப்பிகள் என்று கையில் அகப்படுவது எல்லாம் வருடியில் ஏறுகிறது. சுனாமிக்கு முந்திய ஊரைக் காட்டும் படங்கள் மிகக் குறைவு என்பதால் அவற்றுக்குத் தனி மரியாதை.

அவர்களுள் ஒருவன், பக்கத்து வீட்டுப் பிள்ளை, சில மாதங்களுக்கு முன் என்னிடம் வந்தான். "மாமா, இந்த மூன்று கொம்பியூட்டரையும் சேர்த்து ஒரே பெரிய டிஸ்க் மாதிரி ஆக்கலாமாம். ஒன்று பழுதாய்ப் போனாலும் மற்றதில இருக்குமாம். அப்படிச் செய்தால் பயமில்லைதானே?" என்று கேட்டான்.

பல்கலைக்கழகத்தில் கலைப்பீடத்தில் படித்து, பிறகு பத்திரிகை மேசையில் காலம் தள்ளிய எனக்கும் கணனியின் உள்வீட்டுக்கும் தூரம் அதிகம். ஆனால் இந்தக் கேள்விக்கு "பயமில்லை" என்று சொல்ல என் வாய் எழவில்லை. அதற்குக் காரணம் ஒரு பட்டியல்.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் வந்தபோது இலங்கையில் மிக அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், திருக்கோவில் என்று கரை நெடுகிலும் சாவு. அந்த நாட்களில் நான் பணிபுரிந்த பத்திரிகையின் பிராந்திய நிருபர்கள், ஊர் ஊராக இறந்தோரின் பெயர்களைச் சேகரித்து அனுப்பினார்கள். தொலைநகலில் வந்தவை, தொலைபேசியில் சொல்லி எழுதியவை, பஸ்ஸில் ஆள் மூலம் வந்தவை என்று பல வகை. பள்ளிவாசலில் எழுதிய பட்டியலும் கோயில் மண்டபத்தில் எழுதிய பட்டியலும் ஒரே கோப்பில் அடுத்தடுத்து வந்து சேர்ந்தன. பத்திரிகையில் அச்சேறியது சிறு பகுதி. மீதி எல்லாம் தட்டச்சாகி அலுவலகச் சேர்வரில் ஒரு கோப்புறையில் இருந்தது. இறந்தவரின் உடல் கிடைக்காத குடும்பங்கள் மரணப் பதிவுக்காக அலைந்த காலம் அது. காணாமற் போனோரின் மரணத்தைப் பதிவதற்கென்றே 2005 இல் தற்காலிகச் சட்டம் ஒன்று கொண்டுவர வேண்டியிருந்தது. எனவே எங்கள் பட்டியலைத் தேடிச் சிலர் அலுவலகம் வரை வந்ததுண்டு.

அந்தச் சேர்வரில் இரண்டு வன்தட்டுகள் இருந்தன. ஒன்றில் எழுதுவது அதே கணத்தில் மற்றதிலும் எழுதப்படும் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். நாங்களும் நிம்மதியாக இருந்தோம். இரண்டோ மூன்றோ வருடங்கள் கழித்து ஒரு நாள், இடம் போதவில்லை என்று பழைய கோப்புறைகளைத் துப்புரவு செய்த ஒருவர் அதையும் அழித்துவிட்டார். தெரியாமல் செய்த பிழை. அவரை நோவதில் பயனில்லை. நான் கணனிப் பிரிவுக்கு ஓடிப் போய், "இரண்டு தட்டிலும் இருக்கிறது என்றுதானே சொன்னீர்கள்?" என்று கேட்டேன். அங்கிருந்த இளைஞர் அமைதியாகச் சொன்னார்: "ஓம் சேர், இரண்டிலும் இருந்தது. இரண்டிலும் ஒரே நேரத்தில் அழிந்தது. அதுதான் அதன் வேலை."

அந்தப் பதில் என்னை விட்டு இன்றும் போகவில்லை. இந்தச் சேமிப்பு முறைகள் எங்கிருந்து வந்தன, யார் கண்டுபிடித்தார்கள், எதைக் காக்கும், எதைக் காக்காது என்று அன்று தொடங்கிய வாசிப்பில் நான் அறிந்தவற்றை, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் இங்கே எழுதுகிறேன்.

*

1956 இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டுச் சாதனத்தில் இரண்டடி விட்டமுள்ள ஐம்பது தட்டுகள் இருந்தன. ஒரு டொன்னுக்கு மேல் எடை. அதில் அடங்கியது ஐம்பது இலட்சம் எழுத்துகள். அன்று தொடங்கி நெடுங்காலம் தட்டு என்பது ஒரு பெட்டி, பெட்டி என்பது ஒரு எல்லை. ஒரு தட்டை இரண்டு மூன்று அறைகளாகப் பிரித்து, செய்திக்கு ஓர் அறை, படத்துக்கு ஓர் அறை என்று ஒதுக்கிவிட்டால், செய்தி அறை நிரம்பி வழியும்போது பட அறை வெறுமையாகக் கிடந்தாலும் ஒன்றும் செய்ய இயலாது. வேலையை நிறுத்தி, எல்லாவற்றையும் வெளியே எடுத்து, மீண்டும் பிரித்து, மீண்டும் உள்ளே போட வேண்டும். இது வீடு மாறுவதைப் போன்ற வேலை.

இந்த எல்லையை உடைத்த யோசனைக்கு லொஜிக்கல் வொலியூம் முகாமைத்துவம் என்று பெயர். சுருக்கமாக எல்.வி.எம். யோசனை எளியது. இருக்கின்ற தட்டுகளை எல்லாம் சம அளவான சிறு துண்டுகளாக நறுக்கிக் கொள். (லினக்ஸில் வழமையாக ஒரு துண்டு 4 மெகாபைட்.) துண்டுகளை எல்லாம் ஒரு பொதுக் குவியலில் போடு. யாருக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு துண்டுகளைக் குவியலில் இருந்து எடுத்துக் கொடு. எந்தத் துண்டு எந்தத் தட்டில் இருக்கிறது என்று ஓர் அட்டவணை வைத்துக்கொள். பயனாளி காண்பது ஒரே தொடர்ச்சியான இடம். அது எந்தத் தட்டில் உள்ளது என்பது அவருக்குத் தெரியவும் வேண்டியதில்லை. புதுத் தட்டு வாங்கினால் குவியலில் சேர்த்துவிடலாம். பழைய தட்டு தளர்ந்து போனால், வேலை நடந்துகொண்டிருக்கும்போதே அதிலுள்ள துண்டுகளைப் புதியதற்கு மாற்றிவிடலாம்.

எங்கள் பக்கத்து வட்டை வயல்களை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. வயல்கள் பலருடையவை, வரம்புகள் அப்படியே இருக்கும். ஆனால் தண்ணீர் விடும்போது வட்டவிதானை முழு வட்டையையும் ஒன்றாகத்தான் பார்ப்பார். உறுதியில் உள்ள எல்லை வேறு, தண்ணீரின் எல்லை வேறு.

ஐ.பி.எம். தனது யூனிக்ஸ் இயங்குதளத்தில் 1990 ஆம் ஆண்டளவில் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஹியூலெட் பக்கார்ட் நிறுவனமும் தனது இயங்குதளத்தில் சேர்த்துக்கொண்டது. இவை எல்லாம் பெரிய விலைக்கு விற்ற இயந்திரங்கள். 1998 இல் ஜேர்மனியரான ஹைன்ஸ் மவுல்ஸ்ஹாகன், ஹியூலெட் பக்கார்ட்டின் முறையை மாதிரியாகக் கொண்டு லினக்ஸுக்கு எழுதினார். அதன்பிறகுதான் வங்கியிலும் படைத்துறையிலும் இருந்த வசதி, வினாயகபுரத்து முன்னறைக் கணனிக்கும் இலவசமாகக் கிடைக்கும் நிலை வந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பலர் இதைத் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். மூன்று தட்டுகளை எல்.வி.எம். மூலம் ஒன்றாக்கினால் இடம் கூடும், பாதுகாப்பு கூடாது. உண்மையில் குறையும். முன்பு ஒரு தட்டு பழுதானால் அந்தத் தட்டில் உள்ளது மட்டும் போகும். ஒன்றாக்கிய பின் மூன்றில் எது பழுதானாலும், மூன்றின் மேலும் பரந்து கிடக்கும் கோப்புத் தொகுதி முழுவதும் ஆபத்துக்குள்ளாகும். பிரதி வேண்டுமென்று தனியாகச் சொல்லி அமைத்தால் ஒழிய அது பிரதி எடுக்காது.

*

எல்.வி.எம். தட்டின் எல்லையை உடைத்தது. கணனியின் எல்லை அப்படியே இருந்தது. அதை உடைக்க முயன்றவர்கள் வேறு ஒரு கூட்டத்தார். பல கணனிகள் சேர்ந்து ஒரே வேலையைச் செய்வதைக் கொத்தணி என்கிறார்கள். (எங்கள் நாட்டில் கொத்தணிப் பாடசாலைகளும் உண்டு, கொத்தணிக் குண்டுகளும் உண்டு, சொல் பழக்கமானதுதான்.) கொத்தணியில் உள்ள எல்லாக் கணனிகளும் ஒரே கோப்புகளை ஒரே நேரத்தில் வாசிக்கவும் எழுதவும் வேண்டுமானால் என்ன செய்வது?

1995 அளவில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் மத்தியூ ஒகீஃப் என்பவரும் மாணவர்களும் இதற்கென ஒரு கோப்பு முறைமையை உருவாக்கத் தொடங்கினார்கள். குளோபல் ஃபைல் சிஸ்டம், சுருக்கமாக ஜீ.எஃப்.எஸ். ஒரே தட்டுத் தொகுதியைப் பல கணனிகள் நேரடியாகத் தொடும். அப்போது இருவர் ஒரே பக்கத்தில் ஒரே நேரத்தில் எழுதினால் பக்கம் நாசமாகும். எனவே எழுதுமுன் பூட்டு வாங்க வேண்டும். பூட்டு வைத்திருப்பவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும்.

பூட்டு வைத்திருந்த கணனி நடுவில் மயங்கி விழுந்தால்? இங்கேதான் இந்தத் துறையின் மிகக் கொடூரமான வழக்கு வருகிறது. பதிலளிக்காத கணனி உண்மையில் செத்துவிட்டதா, அல்லது தொடர்பு மட்டும் அறுந்து தனியாக எழுதிக்கொண்டிருக்கிறதா என்று மற்றவர்களுக்குத் தெரியாது. சந்தேகத்தின் பேரில் அதன் மின்சாரத்தை வெட்டிவிடுவார்கள். அந்த வழக்கத்துக்கு அவர்கள் இட்ட செல்லப் பெயரைத் தமிழில் சொன்னால் "மற்றவன் தலையில் சுடு" என்று வரும். சந்தேகத்தின் பேரில் சுடுவது என்ன என்று அறிந்த கிழக்கு மாகாணத்தவன் நான். அந்தப் பெயரை முதலில் வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மினசோட்டாவில் பிறந்த வேலை சிஸ்டினா என்ற நிறுவனமானது. லினக்ஸ் எல்.வி.எம். எழுதிய மவுல்ஸ்ஹாகனும் அதே நிறுவனத்தில் சேர்ந்தார். தட்டின் எல்லையை உடைத்தவரும் கணனியின் எல்லையை உடைத்தவர்களும் ஒரே கூரையின் கீழ் வந்தது அப்படித்தான். 2001 இல் சிஸ்டினா, அதுவரை திறந்திருந்த ஜீ.எஃப்.எஸ். நிரலை மூடி விலைப்பொருளாக்கியது. 2003 டிசம்பரில் ரெட் ஹெட் நிறுவனம் சுமார் 3 கோடியே 10 இலட்சம் டொலர் பெறுமதியான பங்குகளைக் கொடுத்துச் சிஸ்டினாவை வாங்கி, 2004 இல் நிரலை மீண்டும் பொதுவில் திறந்தது. அதைத் தொடர்ந்து எல்.வி.எம்.இன் அட்டவணையையே கொத்தணிக் கணனிகள் அனைத்தும் ஒத்துப் பார்த்து நடக்கும்படி செய்தார்கள். ஒருவர் துண்டைப் பெரிதாக்கினால் மற்றவர் அனைவருக்கும் அதே கணத்தில் தெரிய வேண்டும். இல்லையேல் ஆளுக்கொரு வரைபடம். 2006 இன் இறுதியில் ஜீ.எஃப்.எஸ்.இன் இரண்டாம் பதிப்பு லினக்ஸ் கருநிரலிலேயே இடம்பெற்றது.

இரண்டு யோசனைகளின் முதல் கலியாணம் இது. நல்ல கலியாணம்தான், ஆனால் சீதனம் அதிகம். எல்லாக் கணனிகளும் ஒரே தட்டுத் தொகுதியைத் தொட வேண்டும் என்பதால் அதற்கென விலை கூடிய வலையமைப்பும் சாதனங்களும் வேண்டும். பழைய கணனிகளைக் கொண்டு செய்கின்ற வேலை அல்ல.

*

பழைய கணனிகளைக் கொண்டு செய்யும் வேலைக்கு வழி காட்டியவர்களில் முக்கியமானவர் ஒரு தமிழர். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கணனிப் பொறியியல் படித்த ஆனந்த் பாபு பெரியசாமி. கணனி உலகில் ஏ.பி. என்றால் தெரியும். தமிழ்ப் பத்திரிகைகள் அவரைப் பற்றி எழுதியது போதாது என்பது என் எண்ணம். சினிமாக்காரருக்கு ஒதுக்கும் பத்திகளில் ஒன்றை இப்படிப்பட்டவர்களுக்குக் கொடுத்திருக்கலாம். நானும் அந்தக் குற்றத்தில் பங்காளிதான்.

அவர் கலிபோர்னியா டிஜிட்டல் என்ற நிறுவனத்தில் தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்தபோது, அந்த நிறுவனம் அமெரிக்காவின் லோரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வுகூடத்துக்காகத் தண்டர் என்ற மீகணனியைக் கட்டிக் கொடுத்தது. இன்டெல்லின் 4,096 இட்டானியம் செயலிகளைக் கொண்டது. 2004 ஜூனில் வெளியான உலகின் வேகமான கணனிகளின் பட்டியலில் அதற்கு இரண்டாம் இடம். இதில் கவனிக்க வேண்டியது வேகத்தை அல்ல. தனியாக வடிவமைத்த விசேட இயந்திரம் எதுவும் இல்லாமல், சந்தையில் கிடைக்கும் சேர்வர்களைக் கொத்தணியாகக் கட்டி அந்த இடத்தை எட்டினார்கள் என்பதைத்தான். கணிக்கும் வேலையை மலிவான கணனிகள் சேர்ந்து செய்யுமானால் சேமிக்கும் வேலையையும் செய்யலாம் அல்லவா?

2005 இல் தொடங்கிய குளஸ்டர் அந்தக் கேள்வியின் விடை. குனூ என்ற கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் பெயரையும் ஆங்கிலத்தில் கொத்தணியைக் குறிக்கும் சொல்லையும் ஒட்டிய பெயர். இந்தியாவில் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை நிறுவியவர்களில் ஒருவர் பெரியசாமி என்பதை நினைவிற்கொண்டால் பெயரின் காரணம் விளங்கும். நிரலின் பெரும்பகுதி பெங்களூரில் எழுதப்பட்டது.

குளஸ்டரில் ஒவ்வொரு கணனியும் தன் சொந்தத் தட்டுடன் வரும். அந்தத் தட்டில் ஒதுக்கிய இடத்துக்கு அவர்கள் வைத்த பெயர் செங்கல். செங்கற்களை அடுக்கினால் ஒரு பெரிய களஞ்சியம். ஒரு செங்கலில் உள்ளதை இன்னொன்றிலும் மூன்றாவதிலும் பிரதி செய்யச் சொல்லலாம். ஒரு கணனி படுத்துவிட்டால் மற்றவை வேலையைத் தொடரும். அது எழுந்து வந்ததும் தவறவிட்டதை எல்லாம் மற்றவர்களிடம் கேட்டு நிரப்பிக்கொள்ளும்.

எனக்கு மிகப் பிடித்தது வேறொன்று. எந்தக் கோப்பு எந்தச் செங்கலில் உள்ளது என்று எழுதி வைக்கும் தலைமைப் பேரேடு இதில் இல்லை. பத்திரிகை அலுவலக ஆவணக் காப்பகத்தில் வேலை செய்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். எந்தப் படம் எந்த அலுமாரியில் என்று ஒரு முதியவருக்கு மட்டும் தெரிந்திருக்கும். அவர் விடுப்பில் போனால் காப்பகமே விடுப்பில் போகும். குளஸ்டர் கோப்பின் பெயரை ஒரு கணக்குச் சூத்திரத்தில் இட்டு ஓர் எண்ணைப் பெறும். எண்களின் வீச்சு செங்கற்களுக்குள் பங்கிடப்பட்டிருக்கும். எண் எந்தப் பங்கில் விழுகிறதோ அங்கே போய்ப் பார்க்க வேண்டியதுதான். இடத்தைப் பெயரே சொல்லிவிடும், முதியவர் தேவையில்லை.

2011 ஒக்டோபரில் ரெட் ஹெட் குளஸ்டர் நிறுவனத்தை 13 கோடியே 60 இலட்சம் டொலருக்கு வாங்கியது.

*

இவ்வளவும் இருந்தும் என் பட்டியலுக்கு நேர்ந்த கதி குளஸ்டரிலும் நேரும். மூன்று கணனியில் மூன்று பிரதி இருக்கலாம். ஒருவர் ஒரு கோப்புறையை அழித்தால், களஞ்சியம் கடமை தவறாமல் மூன்றிலும் அழிக்கும். தீநுண்மி ஒன்று புகுந்து கோப்புகளைக் குழப்பினால் மூன்றும் ஒற்றுமையாகக் குழம்பும். பிரதிகள் எவ்வளவு நேர்த்தியாக ஒத்து நடக்கின்றனவோ அவ்வளவு நேர்த்தியாகப் பிழையும் பரவும். இயந்திரம் சாவதில் இருந்து அவை காக்கின்றன. மனிதன் செய்யும் பிழையில் இருந்து காப்பதற்கு வேண்டியது நேற்றைய நிலை.

அந்த நேற்றைய நிலையைத் தேடிக் குளஸ்டர் மீண்டும் எல்.வி.எம்.இன் வாசலுக்கே வந்தது. எல்.வி.எம்.இல் கணப்பதிவு என்றொரு வித்தை உண்டு. பதிவு எடுக்கும் நொடியில் எதுவும் பிரதியாவதில்லை. "இந்த நொடியில் இப்படி இருந்தது" என்று ஒரு குறிப்பு மட்டும் விழும். அதன்பின் எந்தத் துண்டை மாற்ற முனைந்தாலும் பழைய துண்டு அப்படியே பேணப்பட்டு, மாற்றம் வேறிடத்தில் நடக்கும். அதனால் ஒரு பெரிய களஞ்சியத்தின் கணப்பதிவை ஒரு நொடியில் எடுத்துவிடலாம். மாறியவற்றுக்கு மட்டுமே இடம் செலவாகும். 2012 இல் லினக்ஸில் வந்த மெலிந்த ஒதுக்கீட்டு முறை இதை மேலும் சிக்கனமாக்கியது. தேவைப்படும்போது மட்டும் குவியலில் இருந்து இடம் எடுப்பது அந்த முறை.

2014 இல் வெளியான குளஸ்டரின் 3.6 ஆம் பதிப்பு இதைப் பயன்படுத்தியது. நிபந்தனை ஒன்றுதான். ஒவ்வொரு செங்கலும் தனக்கெனத் தனியான, மெலிந்த ஒதுக்கீட்டில் அமைந்த எல்.வி.எம். பகுதியின் மேல் இருக்க வேண்டும். கணப்பதிவுக் கட்டளை வந்ததும் குளஸ்டர், அழித்தல் பெயர் மாற்றல் போன்ற செயல்களைக் கொத்தணி முழுவதிலும் சற்று மறித்து நிறுத்தும். எல்லாச் செங்கற்களின் கீழும் எல்.வி.எம். தத்தம் பதிவை எடுக்கும். பிறகு மறிப்பு நீங்கும். சிதறிக் கிடக்கும் பல கணனிகள் ஒரே நொடியை ஒத்து நினைவில் வைத்துக்கொள்கின்றன.

முதற் கலியாணத்தில் எல்.வி.எம். இடத்தைப் பங்கிடும் வட்டவிதானையாக வந்தது. இரண்டாவதில் காலத்தைப் பங்கிட வந்தது. இந்தச் சேர்க்கையின் பெறுமதி இதில்தான் என்று நினைக்கிறேன். குளஸ்டர் "எங்கே" என்ற கேள்விக்கு விடை சொல்கிறது, அதன் அடியில் இருக்கும் எல்.வி.எம். "எப்போது" என்ற கேள்விக்கு விடை சொல்கிறது. எங்கள் அலுவலகத்தின் இரட்டைத் தட்டுக்கு "எப்போது" என்ற சொல் தெரியாது.

*

ஏடு பெயர்த்தெழுதிய நம் முன்னோருக்கு இது தெரிந்திருந்தது. திட்டமிட்டுச் செய்தார்கள் என்று பெருமை பேச வரவில்லை. ஏடு செல்லரிக்கும், ஆகவே எழுதினார்கள். ஆனால் ஒரு நூலின் ஏடுகள் வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு கைகளால் எழுதப்பட்டிருந்தன. ஒருவர் ஓர் அடியை விட்டுவிட்டால் அந்தப் பிழை அவருடைய ஏட்டிலும் அதைப் பார்த்து எழுதியவற்றிலும் மட்டுமே நின்றது. முன்பே பிரிந்து போயிருந்த ஏடுகளை அது தொடவில்லை. சிறுப்பிட்டி சி.வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும் ஒரே ஆண்டில், 1887 இல், அச்சிட்டார்கள். ஊர் ஊராகத் தேடிப் பெற்ற ஏடுகளை ஒப்பிட்டு நோக்கியே அத்தகைய பதிப்புகள் உருவாயின. பாடபேதம் என்று நாம் அலுத்துக்கொள்வது, கணனிக்காரர் மொழியில் சொன்னால், வெவ்வேறு காலத்துக் கணப்பதிவுகள் தவிர வேறில்லை.

பாடபேதத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. இரண்டே ஏடுகள் இருந்து அவை முரண்பட்டால் எது சரி என்று எப்படிச் சொல்வது? குளஸ்டரிலும் இரண்டு பிரதி மட்டும் வைத்து, இடையில் தொடர்பு அறுந்து, இரண்டிலும் வெவ்வேறாக எழுதிவிட்டால் இதே திண்டாட்டம். மூளை பிளந்த நிலை என்று அதைச் சொல்கிறார்கள். அதனால்தான் மூன்றாவது பிரதியை வலியுறுத்துகிறார்கள். முழுப் பிரதிக்கு இடமில்லை என்றால், கோப்பின் உள்ளடக்கத்தை வைத்துக்கொள்ளாமல் விவரக் குறிப்பை மட்டும் வைத்திருக்கும் நடுவர் ஒருவரை நிறுத்தலாம் என்று 2015 இல் வந்த 3.7 ஆம் பதிப்பு வழி செய்தது. நம் பஞ்சாயத்துகளில் மூன்றாம் ஆள் செய்யும் வேலை.

ஏடுகளைப் பற்றி எழுதும்போது யாழ்ப்பாணம் பொது நூலகத்தை எழுதாமல் போக முடியாது. 1981 மே மாத முடிவும் ஜூன் தொடக்கமும் சந்தித்த இரவில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் எரிந்தன. அங்கே எல்லாம் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன, பட்டியலும் இருந்தது. இருந்தது ஒரே கட்டடத்தில். அந்த வடு இல்லாமல் 2005 இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலக முயற்சிக்கு இத்தனை பேர் தோள் கொடுத்திருப்பார்களா என்பது ஐயமே.

*

பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இதை எல்லாம் ஒரே மாலையில் சொல்லவில்லை. பல மாலைகள் ஆயின. அவன் என்னைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டான். மூன்று கணனிகளிலும் எல்.வி.எம். அமைத்து, அதன்மேல் செங்கல் வைத்து, மூன்று பிரதியாகக் குளஸ்டர் ஓடுகிறது. ஒவ்வோர் இரவும் ஒரு கணப்பதிவு. பழையவற்றை ஒரு கணக்கு வைத்துக் கழிக்கிறார்கள்; இல்லையேல் மெலிந்த ஒதுக்கீட்டின் குவியல் ஒருநாள் காலியாகி எழுத்தெல்லாம் நின்றுவிடும். இரண்டாம் வாரமே ஒருவன் தவறுதலாக ஒரு பாடசாலையின் மலர்களை எல்லாம் அழித்துவிட்டு முகம் வெளிறி வந்தான். முந்திய இரவின் பதிவில் இருந்து பத்து நிமிடத்தில் திரும்பின. நான் பக்கத்து அறையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் பழைய பட்டியல் ஞாபகம் வந்தது.

குளஸ்டரைத் தெரிவு செய்தது சரியா என்று அவர்களுக்குள் ஒரு வாதமும் நடந்தது. ரெட் ஹெட் தனது வர்த்தகப் பதிப்புக்கான ஆதரவை 2024 இன் இறுதியுடன் நிறுத்திவிட்டது. 2014 இல் இன்க்டாங்க் நிறுவனத்தை வாங்கியதன் மூலம் அதன் கைக்கு வந்த செஃப் என்ற வேறொரு முறையே பெரிய நிலையங்களில் மேலோங்கியது. பெரியசாமியும் அதே 2014 இல் மினியோ என்ற வேறு சேமிப்பு முயற்சியில் இறங்கிவிட்டார். ஆனால் மூன்று பழைய கணனிகளுக்குச் செஃப் பாரமான வண்டி. குளஸ்டரின் செங்கலில் கோப்புகள் சாதாரணக் கோப்புகளாகவே கிடக்கின்றன. நாளை குளஸ்டரே இல்லாமற் போனாலும் தட்டைக் கழற்றி வேறு லினக்ஸ் கணனியில் மாட்டி வாசிக்கலாம். எனக்கு அந்த ஒரு காரணம் போதும். பூட்டிய பெட்டியின் சாவி செய்தவன் கையில் மட்டும் இருப்பதை நான் விரும்புவதில்லை.

ஒரு குறை மிச்சம் இருந்தது. மூன்று கணனிகளும் ஒரே அறையில். அறை கடலில் இருந்து கூப்பிடு தூரம். கணப்பதிவும் அதே தட்டுகளுக்குள்ளேதான். 2004 இல் அந்த வீடு நின்ற இடத்தில் தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று வயதானவர்கள் சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள். நான் இதைச் சொன்னபோது பிள்ளைகளுக்கு முதலில் விளங்கவில்லை. அவர்களில் சிலர் அப்போது பிறந்திருக்கவும் இல்லை.

என் பழைய பட்டியலில் ஒரு பகுதி பின்னர் கிடைத்தது. தொலைநகல் தாள்களில் பெரும்பாலானவை வெப்பத் தாள்கள் என்பதால் எழுத்து மங்கி வெறும் வெள்ளையாகிவிட்டிருந்தன. கைகொடுத்தவை கரையில் இருந்து தள்ளி, உள்ளூரில் குடியிருந்த ஒரு நிருபரின் குறிப்புக் கொப்பிகள். அவர் எங்களுக்குத் தொலைபேசியில் வாசித்த பெயர்களைத் தன் கொப்பியில் பென்சிலால் எழுதி, வீட்டு மச்சில் போட்டு வைத்திருந்தார். இரண்டு பெயர்கள் எங்கள் அச்சில் வந்ததற்கு மாறாக இருந்தன. கொப்பிதான் சரி.

சென்ற மாதம் முழுக் களஞ்சியத்தையும் ஒரு தனித் தட்டில் பிரதி செய்தார்கள். எந்தக் கம்பியாலும் எதனுடனும் இணைக்கப்படாத தட்டு. அதைப் பொலித்தீன் பையில் சுற்றி, பிறகு துவாயில் சுற்றி, பக்கத்து வீட்டுப் பிள்ளை அம்பாறைக்கு பஸ் ஏறினான். அங்கே அவனுடைய பெரியம்மா வீட்டு அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் அது இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இன்னொரு தட்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டு இதை எடுத்து வருவதாகத் திட்டம். பெரியம்மாவுக்கு அதில் என்ன இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். தன் கலியாணப் படமும் அதில் உண்டா என்று கேட்டாராம். இருக்கவில்லை. அடுத்த தடவை வருடியையும் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.